கொடுத்த கணக்கும் திருப்பிய கணக்கும்

2009இல் இலங்கைப் போர் முடிந்த கையோடு வடக்கே வன்னியில் எனக்குக் கிடைத்த உத்தியோகம் எண்ணுவது. கடிதத்தில் இருந்த பதவிப் பெயர் 'கண்காணிப்பு மற்றும் மதிப்பீட்டு உதவியாளர்'. சனத்துக்கு நாங்கள் 'கணக்கெடுக்க வாற பெடியள்'. மாதம் முடிய ஒரு எக்ஸெல் தாள் கொழும்புக்குப் போகவேண்டும். மீளக்குடியேறிய குடும்பங்கள், கொடுத்த தறப்பாள், கொடுத்த கூரைத்தகரம், இறைத்துத் துப்புரவாக்கிய கிணறு, கட்டி முடித்த மலசலகூடம், கடைசி நிரலில் விழுக்காடு. அந்த விழுக்காடு மாதாமாதம் ஏறவேண்டும். இறங்கினால் கொழும்பிலிருந்து தொலைபேசி வரும். ஏறினால் வராது. ஏன் ஏறியது என்று ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வளவில், தகரக் கொட்டிலுக்கு முன்னால் இருந்து பனையோலை வார்ந்துகொண்டிருந்த ஆச்சி ஒருத்தி எங்கள் படிவத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னா: "தம்பி, குடுத்ததை எல்லாம் வந்து வந்து எண்ணுறியள். எங்களிட்ட இருந்து எடுத்ததை எண்ண ஆர் வரப்போயினம்?" கூட வந்தவன் சிரித்தான். படிவத்தில் 'ஏனைய குறிப்புகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எழுதினேன். அந்தக் கட்டத்தைக் கொழும்பில் ஒருவரும் தட்டச்சு செய்வதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வடக்கின் மீள்கட்டுமானம் பற்றி யார் பேசினாலும், அரசாங்கமோ ஐ.நா.வோ எங்கள் அரசியல்வாதிகளோ, என் மண்டைக்குள் இரண்டு பேரேடுகள் திறந்துகொள்கின்றன. ஒன்றில் கொடுத்தது. மற்றதில் திருப்பித் தந்தது. 2009 மே மாதத்துக்குப் பிறகு வந்த அறிக்கைகளில் பெரும்பாலானவை முதலாவது பேரேட்டை மட்டும் கூட்டிவிட்டு முன்னேற்றம் என்று கையெழுத்து வைத்தவை.

கொடுத்த கணக்கு சின்னக் கணக்கு இல்லை. இதைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. 2006 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கப்பலும் விமானமும்தான் என்று இருந்த காலத்தை வாழ்ந்தவர்களுக்கு, இரவு எட்டு மணிக்குப் பஸ் ஏறி விடியக் கொழும்பில் இறங்குவது என்னவென்று தெரியும். 1990இல் நின்ற யாழ்தேவி ரெயின் 2014 ஒக்டோபர் 13 அன்று மறுபடி யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்கு வந்தபோது பார்க்க வந்த கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் ரெயினையே கண்டிராத பிள்ளைகள். 'காபெற் றோட்டுப் போட்டால் உரிமை கிடைச்சிடுமோ' என்று ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முல்லைத்தீவிலிருந்து வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தியை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிப் பார்த்திருந்தால் அந்த வீதியை இப்படி நக்கலடிக்க மாட்டீர்கள்.

ஆனால் வீதியை எண்ணுவது லேசு. கிலோமீற்றர் கணக்கு. அதனால்தான் எல்லாரும் வீதியை எண்ணுகிறார்கள். அரசாங்கத்தின் 'வடக்கின் வசந்தம்' மீள்கட்டுமானத் திட்டக் காலத்தில் மத்திய வங்கியின் மாகாணக் கணக்குகளில் வடக்கு ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. இலங்கையிலேயே வேகமான மாகாணம் என்று மேடைக்கு மேடை சொன்னார்கள். அது விலையேற்றத்தையும் சேர்த்த கணக்கு. அதோடு, வளர்ந்ததில் பெரும்பங்கு வீதி போட்ட தாரும் வீடு கட்டிய சீமெந்தும் புதிதாகக் கிளை திறந்த வங்கிகளும். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு கடை திறந்தால் அது நூறு விழுக்காடு வளர்ச்சி. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் மூடினபடியே கிடந்தன.

வீட்டுக் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். நான் கண்டதில் நல்லதும் கெட்டதும் ஒரே சுவரில் இருந்தது அங்கேதான்.

இந்திய வீட்டுத்திட்டம் 50,000 வீடுகள். அதில் 46,000 வடக்கிலும் கிழக்கிலும். ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, தவணை தவணையாக வங்கிக் கணக்குக்கு. அத்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் ஒரு தவணை. ஒப்பந்தகாரர் இல்லை, வீட்டுக்காரரே மேசனைப் பிடித்து, கல்லறுத்து, மணல் பறித்துக் கட்டவேண்டும். முறை நல்ல முறை. தன் வீட்டைத் தானே கட்டியவள் எந்த மூலையில் சாமியறை, எந்தப் பக்கம் அடுப்படி என்று தானே முடிவெடுத்தாள். முகாமில் வரிசையில் நின்று சாப்பாடு வாங்கின சனத்துக்கு அது பெரிய விசயம். ஆனால் ஒரே நேரத்தில் இத்தனை ஆயிரம் பேர் கட்ட வெளிக்கிட்டால் மணலும் ஓடும் மேசன் கூலியும் என்ன ஆகும்? ஐந்தரை இலட்சம் கூரைக்கு வரமுதலே முடிந்துபோனது. ஒரு மகளுக்குச் சீதனமாகும் என்று ஒரு அறையைக் கூட்டிப் போட்டவர்கள் இன்னும் ஆழத்தில் போனார்கள். முகாமிலும் அடகுக்குப் போகாமல் காப்பாற்றி வந்த தோடு, கதவுநிலைக்காக அடகுக்குப் போனது. பிறகு கிழமைக் கடன். பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுத்த நுண்கடன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவள் கட்டவேண்டும். கிழமைக்கு ஒருநாள் மோட்டார்சைக்கிள் படலைக்கு வரும். 2018இல் அரசாங்கமே இறங்கி, வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யவேண்டிய அளவுக்கு அது முற்றியது.

என் தாளில் அந்த வீடுகள் எல்லாம் 'நிறைவு 100%'. கதவு இல்லாத வீடும் நிறைவுதான். சுற்றறிக்கையில் கூரை போட்டால் நிறைவு.

பிறகு 2016இல் வந்தது பொருத்து வீடு. ஆர்செலர் மித்தல் நிறுவனத்தின் உருக்கு வீடுகள், 65,000, ஒன்று 21 இலட்சம் ரூபா அளவில். அதன் பாதிக் காசுக்குக் கல்வீடு கட்டலாமே என்று பொறியியலாளர்களும் பொருளியலாளர்களும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வன்னி வெயிலில் உருக்குச் சட்டத்துக்குள் இருந்து சமைப்பது எப்படி என்று கேட்க யாருக்கும் பட்டம் தேவைப்படவில்லை. கடைசியில் அந்தப் பெருந்திட்டம் நடக்கவில்லை. நடந்திருந்தால் அறிக்கை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஐந்தரை இலட்சத்துக்குக் கட்டிய வீட்டைவிட 21 இலட்சத்து வீடு 'உதவி' நிரலில் நாலு மடங்கு. செலவு கூடக்கூட முன்னேற்றமும் கூடும் கணக்கு அது.

இந்த இடத்தில் அமெரிக்காவைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆப்கானிஸ்தானை அவர்கள் கட்டின அழகு உலகத்துக்குத் தெரியும். ஆனாலும் 2008இல் அதற்கென்றே ஒரு சிறப்புத் தலைமைப் பரிசோதகர் அலுவலகத்தைச் சட்டம் போட்டு உண்டாக்கி, தங்கள் காசு எங்கே வீணானது என்று காலாண்டுக்குக் காலாண்டு தாங்களே அச்சடித்தார்கள். எங்களிடம் கட்டியவரும் மதிப்பிட்டவரும் திறந்துவைத்தவரும் ஒரே ஆள். கல்வெட்டில் பெயரும் அவருடையதே.

இனி இரண்டாவது பேரேடு.

2012 செப்டெம்பரில், இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது. போரின் முடிவில் முகாம்களுக்கு வந்த கிட்டத்தட்ட மூன்று இலட்சம் பேரில் கடைசி ஆளும் வெளியேறிவிட்டார், இடம்பெயர்ந்தோர் பூச்சியம் என்று உலகத்துக்குச் சொன்னார்கள். கடைசியாக பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்கள் கேப்பாப்பிலவுச் சனம். ஆனால் பஸ் கேப்பாப்பிலவுக்குப் போகவில்லை. அங்கே இராணுவம் இருந்தது. சீனியாமோட்டைக் காட்டை வெட்டி வெளியாக்கிய இடத்தில் இறக்கிவிட்டார்கள். பிறகு அது 'மாதிரிக் கிராமம்' ஆனது. கொடுத்த கணக்கில் பார்த்தால் அவர்களுக்கு எல்லாம் கிடைத்தது: காணித்துண்டு, வீடு, கிணறு. நந்திக்கடலோரம் இருந்த தங்கள் வயலும் தென்னையும் வேலிக்கு அந்தப்பக்கம் தெரிந்தும் போகமுடியாமல் இருந்தது எந்த நிரலிலும் இல்லை.

2017 ஜனவரி கடைசியில் பக்கத்துப் பிலவுக்குடியிருப்புச் சனம் விமானப்படை முகாம் வாசலில் போய்க் குந்தியது. பிள்ளைகளும் அங்கேயே படித்தார்கள், அங்கேயே படுத்தார்கள். மார்ச் மாதம் காணி கிடைத்தது. அடுத்த வருடம் ஏப்ரல் 23 அன்று இரணைதீவு. 1992இல் வெளியேறி, கடற்படை இருந்ததால் முழங்காவில் பக்கம் இரணைமாதா நகரில் கால் நூற்றாண்டு காத்திருந்த மீனவக் குடும்பங்கள், ஒருவரையும் கேட்காமல் வள்ளங்களில் ஏறி, வெள்ளைக்கொடியும் கட்டிக்கொண்டு தங்கள் தீவில் போய் இறங்கின. கடற்படை பார்த்துக்கொண்டு நின்றது. அவர்கள் திரும்பி வரவில்லை, அங்கேயே இருந்துவிட்டார்கள். வடக்கின் மீள்குடியேற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. அதற்கு நிதி கொடுத்தவர் இல்லை, திட்ட இலக்கமும் இல்லை.

திருப்பித் தந்த காணியையும் ஏக்கரில் மட்டும் எண்ணினால் ஏமாறுவோம். யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இராணுவம் பிடித்து வைத்திருந்த காணியில், மயிலிட்டித் துறைமுகத்தை உள்ளடக்கி 2017 ஜூலையில் விட்டது 54 ஏக்கர்தான். ஆனால் அது கடல்வாசல். அங்கே வள்ளம் விடுகிறவனுக்கு அது சோறு. இன்னொரு இடத்தில் நூறு ஏக்கர் விட்டபோது போய்ப் பார்த்தால் வீடுகள் புல்டோசரால் மட்டமாக்கப்பட்டு, கிணறு தூர்க்கப்பட்டு, எல்லைக் கல்லும் இல்லாமல், எது ஆருடைய வளவு என்று ஆலமரத்தை வைத்து அளந்துகொண்டு நின்றார்கள். 2025 ஏப்ரலில் பலாலி வீதியின் வசாவிளான் பகுதி 34 ஆண்டுகளுக்குப் பிறகு திறந்தது. திறந்தபோது போட்ட நிபந்தனைப் பலகையைப் படித்தீர்களா? காலை 6 முதல் மாலை 5 வரை, நடந்து போகக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. வீதி திறந்தது என்று ஒரு சரி போடலாம். நான் போடுவேன், பென்சிலால்.

புள்ளிவிவரத் திணைக்களத்தின் வறுமைக் கணக்கு இன்னொரு வேடிக்கை. 2012/13இல் முல்லைத்தீவில் வறியோர் 28.8 விழுக்காடு, நாட்டிலேயே உயர்ந்தது. 2016இல் 12.7. நல்லது. அதே இடைவெளியில் மன்னார் 20.1இலிருந்து 1.0க்கு வந்துவிட்டது. கிளிநொச்சியோ 12.7இலிருந்து 18.2க்கு ஏறி முதலிடத்தைப் பிடித்தது. நாட்டுச் சராசரி 6.7இலிருந்து 4.1க்கு இறங்கிய காலம் அது. மன்னாரில் மூன்று வருடத்தில் நூற்றுக்கு ஒருவர்தான் ஏழை என்று மன்னார்ப் பஸ்நிலையத்தில் போய்ச் சொல்லிப் பாருங்கள். மாதிரி சிறிதானால் இப்படித்தான் துள்ளும். எண்ணிப் பழகினவனுக்கு அது தெரியும். ஆனால் கிளிநொச்சி ஏறியதை நான் அப்படித் தள்ளிவிட மாட்டேன். 2012இல் அங்கே மேசனுக்கும் கூலிக்கும் ஓயாத வேலை. 2016இல் வீதி முடிந்தது, வீடு முடிந்தது, கூலி முடிந்தது, கடன் மட்டும் முடியவில்லை. கட்டுமானத்தை வாழ்வாதாரம் என்று பதிந்துகொண்டிருந்தோம். கட்டி முடிந்தபோது அதுவும் முடிந்தது.

ஒரு எண்ணை மட்டும் நான் கேள்வி கேட்காமல் நம்பினேன்: கண்ணிவெடி அகற்றியவர்களின் சதுர மீற்றர். முகமாலைப் பக்கம் போனவர்கள் கண்டிருப்பீர்கள், வெயிலில் முழங்காலில் இருந்து, முகக்கவசத்துக்குள் வியர்வை வழிய, கையகலம் கையகலமாக மண்ணைச் சுரண்டுகிறவர்களை. நிறையப் பேர் பெண்கள், கணவனை இழந்தவர்களும் காணாமல் கொடுத்தவர்களும். ஒரு துண்டு முடிந்தது என்றால் வேறொரு அணி வந்து மறுபடி சோதிக்கும். 'பெரும்பாலும் அகற்றப்பட்டது' என்று எழுத வழியில்லை. மற்ற எல்லாத் துறையிலும் 85 விழுக்காடு என்றால் கைதட்டுவார்கள். இங்கே 85 என்றால் அந்த நிலத்தில் மாடு கட்டமுடியாது.

மண்ணைத் தோண்டுவது பற்றிச் சொன்னதால் இன்னொன்று. 2018இல் மன்னார் நகரில் சதொச என்ற அரச விற்பனை நிலையத்தின் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டினார்கள். எலும்புகள் வந்தன, முன்னூறுக்கு மேற்பட்ட மனிதர்களுடையவை. 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க்குழாய் பதிக்க வெட்டினார்கள். அங்கேயும் எலும்புகள், ஐம்பதுக்கு மேற்பட்டோர். 2025 பெப்ரவரியில் செம்மணி சிந்துபாத்தி மயானத்தில் எரிவாயுத் தகனமேடைக்கு வெட்டினார்கள், இருநூறைத் தாண்டிவிட்டது. மன்னாரின் எலும்புகள் பல நூற்றாண்டு பழையவை என்று அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்று சொன்னது. அதை எல்லோரும் ஏற்கவில்லை. செம்மணி அப்படியில்லை. கொன்றவர்களைப் புதைத்தது இங்கேதான் என்று 1998இலேயே ஒரு சிப்பாய் நீதிமன்றத்தில் வாய்விட்டுச் சொன்ன இடம் அது. மூன்று இடத்திலும் எலும்பைத் தேடி எவரும் மண்வெட்டி எடுக்கவில்லை. அபிவிருத்திக்கு வெட்டினார்கள். கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி முதல் காணாமல் போன பிள்ளைகளின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கும் தாய்மாருக்கு, வேலைத்திட்டங்கள் செய்த ஒரே உதவி தற்செயலாகத் தோண்டியதுதான் என்று சொன்னால் கோபிக்காதீர்கள்.

இவ்வளவும் கொழும்பை நோக்கிக் கைநீட்டுவது. அதே இரண்டாவது பேரேட்டை எங்கள் பக்கமும் திருப்பவேண்டும். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். 2009க்குப் பிறகு புத்தளத்திலிருந்து திரும்பி வந்து பதிந்தவர்கள் 'மீளக்குடியேறினோர்' நிரலில் ஏறினார்கள். ஆனால் ஐந்து பேராய்ப் போன குடும்பம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக மூன்று குடும்பமாகத் திரும்பியது. பிரதேச செயலகத்தில் அவர்களுக்குக் காணி எங்கே என்று கேட்டபோது எங்கள் அலுவலர்கள் காட்டிய முகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கேப்பாப்பிலவுக்காகத் தொண்டை கிழியக் கத்திய ஆட்கள், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இருந்த சோனகதெருவைப் பற்றிக் கேட்டால் "அது வேற பிரச்சினை" என்றார்கள். வேறு இல்லை. எடுத்தது எடுத்ததுதான். பள்ளிவாசல் பழுதுபார்த்த படத்தை அறிக்கையின் அட்டையில் போட்டு, அதற்குள் தொழ வரும் குடும்பங்களில் பாதி இன்னும் புத்தளத்தில் குடியிருப்பதை மறைத்த கூட்டத்தில் நானும் சம்பளம் வாங்கினேன்.

இப்போது யாராவது முன்னேற்றம் எப்படி என்று கேட்டால், திகதி இருக்கிறதா என்று திருப்பிக் கேட்கிறேன். கண்ணிவெடிக்கு ஒரு திகதி இருக்கிறது: 2017 டிசம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தபடியால் 2028 ஜூன் 1க்குள் முடிக்கவேண்டும். பிந்தினால் போய்க் காரணம் சொல்லி அவகாசம் கேட்கவேண்டும். வலிகாமம் வடக்கின் மிச்சக் காணிக்கு அப்படி ஒரு திகதி இல்லை. காணாமல் போனோர் அலுவலகம் 2018இல் தொடங்கியது. எத்தனையாம் ஆண்டுக்குள் எத்தனை குடும்பத்துக்குப் பதில் என்று அதற்கும் இல்லை.

காணி விசயத்தில் அரசாங்கம் ஒருமுறை திகதி போட்டது உண்மை. 2025 மார்ச் 28 வர்த்தமானியில், வடக்கின் சுமார் 5,900 ஏக்கருக்கு. மூன்று மாதத்துக்குள் உங்களுடையது என்று காணி உறுதிப் பத்திரத்தோடு வந்து நிரூபியுங்கள், இல்லாவிட்டால் அரச காணி. முள்ளிவாய்க்காலுக்குப் போகும் வழியில் சூட்கேசையும் உறுதியையும் விட்டுவிட்டு ஓடிய சனத்துக்கு, கனடாவிலும் தமிழ்நாட்டு முகாம்களிலும் இருக்கிற வாரிசுகளுக்கு, மூன்று மாதம். ஊர் எல்லாம் எழும்பிக் கத்தியது. ஜூன் மாதம் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அந்தக் கிழமைகளில் யாழ்ப்பாணத்துப் போட்டோக்கொப்பிக் கடைகளில், 1960களில் எழுதிய உறுதிகளின் கறையான் அரித்த பிரதிகளோடு, சனம் தெருவரைக்கும் நின்றது.